கோட்டை வாசலுக்கு வெளியே ஒரு கூரை

கேட்கப்பட்டது இதுதான்: திருகோணமலையில் பிரெட்ரிக் கோட்டையும் ஒல்லாந்தர் காலத்துக் கட்டடங்களும் சும்மா கிடக்கின்றன. மற்ற நாடுகளில் செய்வதுபோல நவீனக் கட்டடக்கலையைச் சேர்த்து, கலாசார மண்டபமும் பொதுவெளியுமாக இவற்றுக்கு உயிர்கொடுக்க முடியுமா? முடிந்தால் எங்கே தொடங்குவது, எதில் பிழை வரும்?

முடியும். ஆனால் புதுக் கட்டடத்தின் படத்தை முதலில் வரைந்தால் பிழையாகும். முதலில் மழைத்தண்ணீர் போகும் வழி, அடுத்து சுவரில் ஏறியிருக்கும் உப்பு, அதன் பிறகு ஆட்கள் எங்கே நடக்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்ற கணக்கு. இந்த மூன்றும் முடிந்த பிறகே கூரை. அந்தக் கூரையும் கோட்டைக்குள் வேண்டாம், வாசலுக்கு வெளியே வரட்டும் என்பது என் கருத்து. காரணங்களைச் சொல்கிறேன்.

"சும்மா கிடக்கிறது" என்ற பேச்சே இந்தக் கோட்டைக்குப் பொருந்தாது. 1622இல் கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயர், 1624இல் அந்தக் கல்லைக்கொண்டே கோட்டையைக் கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், பிறகு பெருப்பித்துக் கட்டினார்கள். 1795இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது, 1803இல் இப்போதைய பெயர் வந்தது. வாசல் கல்லில் இரட்டைக் கயலும் தமிழ் வரிகளும் இன்றும் இருக்கின்றன. ஆக இது ஒரு நினைவுச்சின்னத்தை உடைத்து எழுப்பிய இன்னொரு நினைவுச்சின்னம். எந்தக் கல்லையும் "இது வெறும் மதில் கல்" என்று சொல்லிப் பெயர்த்துவிட முடியாது. உள்ளே இராணுவம் இருக்கிறது, மான்கள் மேய்கின்றன, இப்போதைய கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலைக்குப் போகிறவர்கள் விடியற்காலையிலிருந்து இந்த வாசலால்தான் நடக்கிறார்கள். உயிர் இல்லாமல் கிடப்பது வாசலுக்கும் கடலுக்கும் மைதானத்துக்கும் இடைப்பட்ட நிலம். அங்கே வாகனம் நிற்கிறது, வெயில் கொளுத்துகிறது, இருக்க ஒரு திண்ணை இல்லை.

இனித் தண்ணீர். இப்படிப்பட்ட கோட்டை மதில்களில் வெளியே ஒரு கட்டு, உள்ளே ஒரு கட்டு, நடுவில் மண் நிரப்பு. மேல்தளம் வெடித்திருந்தால் வாடை (வடகீழ்ப் பருவக்காற்று) மழை நேரே அந்த மண்ணுக்குள் இறங்கும். நனைந்த மண் வெளிக்கட்டைத் தள்ளும், மதில் நடுவில் வயிறு வைக்கும். வயிறு வைத்த இடத்தில் வெளியே சீமெந்து பூசி மூடினால் தண்ணீர் வெளியேறவும் வழியில்லாமல் போகும். அடுத்த மார்கழியில் அந்தத் துண்டு முழுதாகச் சரியும். செய்யவேண்டியது மேலே: சுண்ணாம்புக் கொங்கிறீற்றால் 10 முதல் 15 சென்ரிமீற்றர் தடிப்பில் ஒரு தளம், 50க்கு 1 சாய்வு, தண்ணீரைச் சுவரிலிருந்து 30 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் தள்ளி விழுத்தும் பீலி. கீழே பழைய கசிவுத் துளைகளைத் தேடித் திறக்க வேண்டும். பெரும்பாலும் யாரோ அவற்றைச் சாந்து வைத்து அடைத்திருப்பார்கள். அடிவாரத்தில் 2 மீற்றர் அகலத்துக்கு நிலம் வெளிநோக்கிச் சாய வேண்டும்.

இந்த இடத்தில்தான் "அழகுபடுத்தல்" என்ற பெயரில் பெரிய சேதம் நடக்கிறது. மதில் அடிவரைக்கும் இன்டர்லொக் கல் பதிப்பார்கள். நில மட்டம் ஒரு சாண் உயரும், கீழே போட்ட கொங்கிறீற்று மண்ணின் ஈரத்தை மூச்சுவிட விடாது, அந்த ஈரம் முழுவதும் சுவர் வழியாக ஏறும். இரண்டே வருடத்தில் அடியிலிருந்து இடுப்பு உயரத்துக்குப் பூச்சு உதிரும். கல் பதிக்கத்தான் வேண்டுமென்றால் மதிலை ஒட்டி 60 சென்ரிமீற்றர் முதல் 1 மீற்றர் வரை சரளைப் பட்டை விடுங்கள். கல்லை மணல்மேல் பதியுங்கள், கொங்கிறீற்றின்மேல் வேண்டாம். நிறம் வெளிறியதாக இருக்கட்டும், கருங்கல் பதித்த முற்றத்தில் பின்னேரம் 4 மணிக்கு வெறுங்காலோடு நிற்க முடியாது. கோயிலுக்குப் போகிறவர் பலர் வெறுங்காலோடுதான் வருவார்கள்.

உப்பைப் பற்றி ஒரு எண்ணை மனதில் வைத்தால் போதும்: 75 வீத ஈரப்பதன். காற்றின் ஈரப்பதன் அதற்கு மேலே போனால் சோற்றுப்பு தண்ணீராகக் கரையும், கீழே வந்தால் மணியாக உறையும். உறையும்போது கல்லின் நுண்துளைகளைப் பிளக்கும். திருகோணமலையில் கச்சான் காற்று (தென்மேல் பருவக்காற்று) அடிக்கும் மாதங்களில் பகல் வறண்டு காய்கிறது, இரவு கடற்காற்று ஈரத்தைக் கொண்டுவருகிறது. ஒரே நாளில் ஈரப்பதன் இந்த 75 வீத எல்லையை இரு தடவை தாண்டலாம். ஆகவே உப்பேறிய சுவருக்கு எதிரி வருடத்தில் ஒருமுறை வரும் மழையைவிட இந்த அன்றாட ஏற்ற இறக்கம். உப்பை எடுக்க, கடதாசிக் கூழையோ களிமண் கலவையையோ உப்பில்லாத தண்ணீரில் குழைத்து 2 முதல் 3 சென்ரிமீற்றர் தடிப்பில் அப்பி, இரண்டு மூன்று கிழமை காயவிட்டு உரிக்க வேண்டும். ஒருமுறை போதாது. கூழில் வந்த உப்பின் அளவு குறைந்து நிலைக்கும்வரை திரும்பச் செய்ய வேண்டும். இதற்கும் சாந்து குழைக்கவும் கரையோரக் கிணற்றுத் தண்ணீரைப் பாவித்தால் எடுத்த உப்பைத் திரும்ப உள்ளே விடுவதாகத்தான் முடியும்.

சாந்து விஷயத்தில் திருகோணமலைக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பழைய கட்டு முருகைக்கல் சுண்ணாம்பில் ஆனது. 1988ஆம் ஆண்டுக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு முருகைக்கல் எடுப்பது குற்றம், எடுக்கவும் கூடாது. மாற்றாக மாத்தளைப் பக்கச் சுண்ணாம்பை வாங்குவார்கள். அது பெரும்பாலும் தொலமைற்றுக் கல்லில் சுட்டது, மக்னீசியம் உள்ளது. சரியாக நீறாமல் பாவித்தால் பூசிப் பல மாதம் கழித்து உள்ளே மெதுவாக நீறி, பூச்சில் கொப்புளம் கொப்புளமாகத் தெறிக்கும். சிப்பிச் சுண்ணாம்பு, அல்லது யாழ்ப்பாணம், புத்தளம் பக்கத்துச் சுண்ணக்கல்லில் சுட்டது இதைவிட நல்லது. எதுவானாலும் நீற்றி, சலித்து, தண்ணீருக்கடியில் குறைந்தது 3 மாதம் ஊறவிடுங்கள். வேலை தொடங்கும் திகதிக்கு முன்பே தொடங்கவேண்டிய வேலை இது. ஒப்பந்தம் போட்ட பிறகு சுண்ணாம்பு தேடினால் கடையில் இருக்கும் பைச் சுண்ணாம்பும் "கொஞ்சம்" சீமெந்துமாகத்தான் முடியும்.

கலவை: சாதாரண இணைப்புக்குச் சுண்ணாம்பு 1, கழுவிய ஆற்று மணல் 3. மழை நேராக அடிக்கும் மேல்தளத்துக்குச் சுண்ணாம்பு 1, செங்கல் தூள் 1, மணல் 2. செங்கல் தூள் மிதமாகச் சுட்ட கல்லில் இடித்ததாக இருக்க வேண்டும், கருகச் சுட்ட கல்லின் தூள் வெறும் மணல்போலத்தான் நடக்கும். கடுக்காயும் பனங்கட்டியும் போடவேண்டுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். போடலாம், ஆனால் பனங்கட்டி கூடினால் சாந்து இறுகப் பிந்தும். கடுக்காய்ச் சாறு பற்றிய பேச்சில் பாதியாவது சல்லடையைப் பற்றி இருந்தால் பூச்சுகள் நன்றாக நிற்கும். பூச்சு ஒரு படை 8 முதல் 10 மில்லிமீற்றர். அடுத்த படைக்கு ஒரு கிழமையாவது பொறுக்க வேண்டும். ஈரச் சாக்குத் தொங்கவிட்டு 7 முதல் 14 நாள் நனைக்க வேண்டும். கச்சானில் மறைப்பு இல்லாமல் பூசினால் சுண்ணாம்பு காற்றோடு சேர்ந்து இறுக நேரமில்லாமல் தண்ணீர் பறந்துவிடும், விரலால் தேய்த்தால் மாவாக வரும். ஆகவே மாசி, பங்குனி, பிறகு கச்சான் தணிந்த புரட்டாதி: இவைதான் கட்டு வேலைக்கு வாய்ப்பான காலம். ஐப்பசி முதல் தைவரை வேலை வேண்டாம், எங்கே ஒழுகுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

பழைய சாந்தைப் பரிசோதிக்க அதை ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து மிஞ்சும் மணலை நிறுப்பது வழக்கம். இங்கே அது ஏமாற்றும். சாந்தில் மணலோடு முருகைத் துண்டும் சிப்பித் தூளும் கலந்திருப்பதால் அவையும் சேர்ந்து கரைந்து, சுண்ணாம்பு அதிகம் என்று கணக்குக் காட்டும். முதலில் பூதக்கண்ணாடியில் பாருங்கள், பிறகு கரையுங்கள். எந்தக் கலவையையும் மதிலில் பூசமுன் 1 மீற்றருக்கு 1 மீற்றர் மாதிரித் துண்டு ஒன்று பூசி ஒரு வாடை கழியவிடுங்கள்.

இப்போது புதுக் கட்டடத்துக்கு வரலாம். 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம் சொல்வதில் இரண்டு விதிகள் இங்கே நேராக உதவும். ஊகம் தொடங்கும் இடத்தில் புதுப்பிப்பு நிற்க வேண்டும். புதிதாகச் சேர்ப்பது தன் காலத்தின் முத்திரையோடு வேறாகத் தெரிய வேண்டும். அதாவது ஒல்லாந்தர் பாணியில் போலி வளைவு கட்டாதீர்கள். கோயிற் கோபுரச் சாயலில் கொங்கிறீற்று முகப்பும் வேண்டாம். வெறோனா நகரின் பழைய கோட்டை அருங்காட்சியகத்தில் கார்லோ ஸ்கார்ப்பா புதுத் தரையைப் பழைய சுவரில் முட்டவிடாமல் ஒரு வாய்க்கால் அளவு இடைவெளி விட்டு நிறுத்தினார். ஏதென்சின் அக்ரோபொலிஸ் அருங்காட்சியகம் (2009) அகழ்ந்த பழைய குடியிருப்பின்மேல் தூண்களில் நிற்கிறது. இந்த இரண்டு பழக்கமும் இங்கே செல்லும். டில்லி உமாயூன் கல்லறைப் பக்கத்தில் 2024இல் திறந்த அருங்காட்சியகம் நிலத்துக்குக் கீழே இறங்கியது. அதைப் பார்த்து இங்கே செய்யப்போனால் சில அடியிலேயே உவர்த்தண்ணீர் ஊறும்.

கோட்டை வாசலுக்கு வெளியே தோண்டாமல் ஒரு நிழற்கூரை வைக்க முடியுமா என்று கணக்குப் பார்ப்போம். 18 மீற்றர் நீளம், 12 மீற்றர் அகலம், நீளப் பக்கத்தில் 6 மீற்றருக்கு ஒரு தூண், மொத்தம் 8. பாரம் பெரிய பிரச்சினை இல்லை, காற்றுத்தான். 1964 மார்கழிச் சூறாவளி திருகோணமலையை அடித்தது, 2020இல் புரெவி இந்தக் கரையால்தான் ஏறியது. செக்கனுக்கு 40 மீற்றர் காற்று சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 100 கிலோ அழுத்தம் தரும். நடுத் தூண் ஒன்றின் பங்கு 36 சதுர மீற்றர், ஆகவே 3.6 தொன் அதை மேல்நோக்கி இழுக்கும். ஒன்றரை மடங்கு பாதுகாப்பு வைத்தால் 5.4 தொன். கொங்கிறீற்று கன மீற்றருக்கு 2.4 தொன் என்றால் 2.25 கன மீற்றர் வேண்டும். அதை நிலத்துக்குள் புதைக்காமல் 2 மீற்றருக்கு 2.5 மீற்றர், 45 சென்ரிமீற்றர் உயரத்தில் மேலே வைத்தால் அது ஒரு திண்ணை. அடியில் துணிவிரிப்பு, அதன்மேல் மணல், சரளை. நிலத்தின்மேல் விழும் அழுத்தம் சதுர மீற்றருக்கு 1.1 தொன் அளவுதான், கீழே இருக்கும் பழைய அடித்தளத்துக்கு அது சுமையே இல்லை. நாளைக்கு வேண்டாமென்றால் தூக்கிக்கொண்டு போகலாம். இது முதற்கணக்கு மட்டும். திறந்த கூரைக்கு அடியிலிருந்தும் காற்று தள்ளும், பக்கவாட்டுத் தள்ளலுக்குக் குறுக்குக் கட்டும் வேண்டும், ஆகவே பொறியியலாளர் ஒருவர் முழுதாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

உலோகம் கடலுக்கு இவ்வளவு அருகில் என்றால் 316 தரத் துருப்பிடிக்காத உருக்கு. 304 தரம் ஒரு வருடத்தில் தேயிலைச் சாயம்போலக் கறை பிடிக்கும், சாதாரண இரும்புக்கு நாகம் பூசினாலும் போல்ட் துளையிலிருந்து துரு தொடங்கும். மரம் என்றால் பாலை, முதிரை. மதிலில் ஒரு துளைகூட இட வேண்டாம், விளக்குக்கும் வயருக்கும் சேர்த்தே சொல்கிறேன். விளக்கை நிலத்தில் தனிக்கம்பத்தில் வைத்து, 2700 கெல்வின் மஞ்சள் ஒளியில், மதிலை வருடும் அளவுக்கு மட்டும் விடுங்கள். நிலத்துக்குள் புதைத்த விளக்கில் முதல் மழையோடு தண்ணீர் நிற்கும்.

கண்ணாடிப் பெட்டி மண்டபமும் குளிரூட்டியும் இந்த ஊருக்கு உதவாது. பகலில் குளிரூட்டி இரவில் நிறுத்தினால் மேலே சொன்ன 75 வீத எல்லையை நீங்களே தினமும் தாண்டவைக்கிறீர்கள். வெண்கலப் பொருள் வைப்பதென்றால் மண்டபத்தை முழுதாகக் குளிரூட்டுவதைவிட, சிலிக்கா ஜெல் வைத்து இறுக மூடிய பெட்டிக்குள் 40 வீத ஈரப்பதனுக்கு மேலே போகாமல் வைப்பது மலிவும் பாதுகாப்பும். 1950இல் நிலத்திலிருந்து கிடைத்த கோணேசர் கோயில் விக்கிரகங்கள் பூசையில் இருப்பவை, அவற்றைக் காட்சிக்கு வைக்கும் திட்டத்தைத் தொடவே வேண்டாம். உள்ளரங்கு கட்டாயம் வேண்டுமென்றால் புதிதாகக் கட்டுவதைவிட இருப்பதைப் பாவியுங்கள். ஒல்லாந்தக் கடற்படை ஆணையாளரின் பழைய இல்லம் கடல்சார் அருங்காட்சியகமாக மாறியது அந்த வழிக்கு ஊருக்குள்ளேயே இருக்கும் உதாரணம்.

பொதுவெளியின் அளவுகளை ஊரின் நிகழ்ச்சிகள் தீர்மானிக்கட்டும். சிவராத்திரியை ஒட்டிக் கோணேசர் நகர்வலம் வருகிறார். நவராத்திரியில் கும்பம் எடுக்கிறார்கள். வாகனமும் குடையும் கும்பமும் தட்டாமல் போக 6 மீற்றராவது வெறுமையான உயரம் வேண்டும். குறுக்கே வயரும் அலங்கார வளைவும் கூடாது. திண்ணைக்கு ஏறும் சாய்தளம் 12க்கு 1, அதாவது 45 சென்ரிமீற்றர் ஏற 5.4 மீற்றர் நீளம். மலசலகூடத்தைக் காற்றின் போக்குப் பார்த்து வையுங்கள், கச்சானுக்கும் வாடைக்கும் திசை மாறும் என்பதை மறந்து ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து வைப்பதுதான் வழமையான பிழை. மரத்துக்கு வேம்பு, புங்கை, பூவரசு, புன்னை, மதிலிலிருந்து 6 மீற்றராவது தள்ளி. மான்கள் இருப்பதால் கன்றுக்கு 1.8 மீற்றர் உயரக் கூடு போடாவிட்டால் நட்ட அன்று இரவே மொட்டையாகும். குப்பைத்தொட்டிக்குத் தானாக மூடும் மூடி வேண்டும். மான் பொலித்தீனைத் தின்று சாவது இந்த ஊருக்குப் புதிதல்ல. மதிலில் முளைத்த ஆல், அரசைப் பிடுங்கி இழுக்காதீர்கள், கல்லும் கூடவரும். வெட்டி, வேர் காய்ந்த பிறகு அந்தக் கற்களை இலக்கமிட்டுக் கழற்றி வேரை எடுத்துத் திரும்பக் கட்ட வேண்டும்.

அனுமதிகள் நேரம் எடுக்கும், ஒழுங்கும் முக்கியம். 1940ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி 1815 மார்ச் 2க்கு முந்தியவை தொல்பொருள். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 400 யார் வரையில் கட்டத் தொல்பொருள் திணைக்களத்தின் சம்மதம் கேட்பார்கள். 0.25 ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலத்தில் திட்டமென்றால் தொல்பொருள் தாக்க மதிப்பீடு வேண்டும். கடலிலிருந்து 300 மீற்றருக்குள் கரையோரத் திணைக்களத்தின் அனுமதி. நகர அபிவிருத்தி அதிகார சபையும் உள்ளூராட்சி மன்றமும் அதற்குப் பிறகு. கோட்டைப் பக்கம் என்பதால் இராணுவத்தின் சம்மதமும் வேண்டும். தொல்பொருள் திணைக்களத்திடம் முடிந்த வரைபடத்தோடு போகாமல் அளவெடுத்த நிலையிலேயே போனால் பாதிப் பிணக்கு வராது.

எழுத்துப் பலகைகளில்தான் இந்த மாவட்டத்தில் திட்டங்கள் சறுக்குகின்றன. இங்கே ஒவ்வொரு கல்லுக்கும் உரிமை கேட்கிறவர் உண்டு. ஒரே அடுக்கை மட்டும் சொல்லும் பலகை அடுத்த வருடம் தார் பூசப்படும். வெல்கம் விகாரை நல்ல பாடம்: பௌத்தப் பள்ளி, அதற்குச் சோழர் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர், கொடைகளைச் சொல்லும் கல்வெட்டுகள் தமிழில். இதை இப்படியே எழுதினால் யாருக்கும் முழுதாகப் பிடிக்காது, ஆனால் யாராலும் மறுக்க முடியாது. கோட்டை வாசலிலும் இடித்தவர், கட்டியவர், பிடித்தவர் எல்லாரையும் ஆண்டோடு மும்மொழியிலும் எழுதுங்கள். பெயரடை வேண்டாம்.

கொழும்பில் பழைய ஒல்லாந்த வைத்தியசாலை 2011இல் கடைகளும் உணவகங்களுமாகத் திறந்தது, கட்டடம் தப்பியது. இங்கே அதையே செய்தால் கோயிலுக்கு வந்த கிராமத்துக் குடும்பம் தண்ணீர்ப் போத்தலோடு வெளியேதான் நிற்கும். கடை வரட்டும். ஆனால் திண்ணைகளில் ஒன்றுகூட ஒரு கடையின் கதிரையாக மாறக்கூடாது என்று குத்தகையிலேயே எழுதுங்கள். அதே குத்தகைப் பணத்தில் ஒரு மேசனுக்குக் கிழமைக்கு அரைநாள் கூலி, பீலி துப்புரவாக்கவும் இணைப்புகளை அடைக்கவும். எல்லா இடத்துக்கும் கூரையும் வேண்டியதில்லை. எஸ்பிளனேட் பக்கத்துப் பழைய மயானத்தில் 1852இல் இறந்த கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்ரினின் கல்லறை இருக்கிறது, எழுத்தாளர் ஜேன் ஒஸ்ரினின் தம்பி. அங்கே ஒரு நடைபாதையும் நிழலும் போதும்.

கொங்கிறீற்று ஊற்றுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். நினைத்த இடத்தில் கிடுகுக் கொட்டகை இரண்டு, மூங்கிலில், மணல் மூட்டைப் பாரத்தில் போடுங்கள், உள்ளே நாலு வாங்கு. ஒரு சாதாரண கிழமை, ஒரு சிவராத்திரிக் கிழமை. காலை 6, பகல் 12, பின்னேரம் 4, இரவு 8 மணிக்கு எத்தனை பேர், எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறார்கள் என்று எண்ணிக் குறியுங்கள். ஆட்கள் மதிலுக்கு முதுகு காட்டிக் கடலைப் பார்த்தே இருந்தால், வரைபடத்தில் திண்ணையைத் திருப்புங்கள்.